பெயரும் குணமும்

தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரு வரியில் குற்றாலிங்கம் இருப்பான்; அடுத்த வரியில் மைதீன் பிச்சை இருப்பான். உலகம்மாள், இசக்கியம்மாள், கோமதி, ஞானமணி, ஆயிஷா பேகம், திருமலைக்குமார் என்று வரிசை நீளும். நடுவே எங்கேனும் ஓரிடத்தில் கமால் பாட்சா என்றொரு பெயர் கண்ணில் படும். ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946இல் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலைத் தந்தார்கள். ஆட்பெயர்களும் அவ்வாறு ஆராயத் தக்கனவே. ஆனால், மாணவர்கள் தம் பெயரைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்வி வேறு வகையானது. இன்ன பெயருடையவர் பிடிவாதக்காரர், இன்ன பெயருடையவர் இளகிய மனத்தினர், இன்ன பெயருடையவர் தலைமை தாங்கப் பிறந்தவர் என்றெல்லாம் அச்சிட்டு விற்கிறார்கள், கைப்பேசியிலும் காட்டுகிறார்கள். அது மெய்தானா என்பதே அவர்களுடைய கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண்பதற்குக் கமால் என்னும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அஃது அயல்நாட்டிலிருந்து நம் தெருவுக்கு வந்த பெயர். வந்த வழி தெளிவாகத் தெரிவதால் ஆராய்ச்சிக்கு எளிது.

கமால் என்பது அரபுச் சொல். முழுமை, நிறைவு, குறைவற்ற தன்மை என்று அதற்குப் பொருள் கூறலாம். காமில், அக்மல், கமாலுத்தீன் என்பனவும் அதே வேரில் கிளைத்தவை. கமலம், கமலா, கமலக்கண்ணன் என்னும் நம் பெயர்களோடு இதற்கு உறவில்லை. அவை தாமரையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தவை. நெல்லையப்பர் கோயில் அம்மையின் திருநாமமாகிய காந்திமதி என்பதைக் கேட்டுவிட்டு, 'காந்தியடிகளின் நினைவாகவா வைத்தார்கள்?' என்று வடக்கே உள்ளவர் வினவுவதுபோன்ற மயக்கமே இதுவும். ஒலி ஒன்றாக இருந்தால் உறவு ஒன்றாகிவிடாது.

இந்த அரபுச் சொல் துருக்கி நாட்டில் கெமால் என்று ஒலிக்கும். அந்நாட்டுக் குடியரசை நிறுவியவர் 1881இல் சலோனிகா நகரத்தில் பிறந்தார். அந்நகரம் இன்று கிரேக்க நாட்டைச் சேர்ந்தது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் முஸ்தபா. அவர் படித்த படைத்துறைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் பெயரும் முஸ்தபா. ஒரே அறையில் இரண்டு முஸ்தபாக்கள் இருந்தால் குழப்பம் நேரும் என்று கருதிய ஆசிரியர், கணக்கில் வல்ல அம்மாணவனுக்குக் கெமால் என்னும் சொல்லையும் சேர்த்து வழங்கினார் என்பது வரலாறு. ஆசிரியன் இட்ட பெயர் நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டதை எண்ணும்போது, ஆசிரியத் தொழில் செய்தவன் என்ற முறையில் எனக்குச் சிறிது பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்?

நம் நாட்டிலும் ஆசிரியர்கள் இத்தகைய வேலையை நிறையவே செய்திருக்கிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் நாடு முழுவதற்கும் ஒரே சீராக வந்தது. அதற்கு முன் பல பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடே முதல் ஆவணம். பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்குப் பள்ளி திறக்கும் மாதத்தை அனுசரித்து ஒரு நாளைக் குறித்துவிடுவார் தலைமையாசிரியர். வீட்டில் கருப்பன் என்று அழைக்கப்பட்டவன் ஏட்டில் கருப்பசாமி ஆவான். இன்றைக்கு எண்பது வயதைக் கடந்திருக்கும் பெரியவர்களிற் பலர் சூன் மாதத்திலே பிறந்திருப்பதன் இரகசியம் இதுதான்.

இனி, கெமால் என்னும் பெயர் நம் பக்கம் வந்த கதையைக் காண்போம். முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. துருக்கிச் சுல்தானே உலக முஸ்லிம்களுக்குக் கலீபாவாகவும் இருந்தமையால், இந்திய முஸ்லிம்கள் கலங்கினர். 1919இல் கிலாபத் இயக்கம் எழுந்தது. காந்தியடிகள் அதற்குத் துணை நின்றார். துருக்கியில் முஸ்தபா கெமால் படை திரட்டி, 1921இல் சக்காரியா ஆற்றங்கரைப் போரிலும் 1922இல் இறுதிப் போரிலும் வென்றபோது, இங்கே ஊர்தோறும் மகிழ்ச்சி பொங்கியது. அங்காரா நிதி என்று பணம் திரட்டி அனுப்பினார்கள். அக்காலத்திலேதான் அவர் பெயர் இந்நாட்டுத் தொட்டில்களில் ஏறியது. படைத்தலைவர்க்குரிய பாஷா என்னும் துருக்கிப் பட்டத்தையும் விடாமல் சேர்த்து, கமால் பாட்சா என்றே மக்கள் வழங்கினர். பாதுஷா என்பது வேறு. அது பேரரசரைக் குறிக்கும் பாரசீகச் சொல். நம் மக்கள் நாவில் பாஷாவும் பாதுஷாவும் ஒன்றாகிப் பாட்சா ஆயின. மிட்டாய்க் கடைக்காரருடைய பாதுஷாவும் உடன் இருப்பதால் வகுப்பில் இப்பெயருடைய பையன் கேலிக்கு ஆளாவதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை உளது. வெற்றி வீரராக வந்த அதே கெமால், 1924ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் கலீபா பதவியையே ஒழித்துவிட்டார். எந்தப் பதவியைக் காப்பதற்காக இங்கே இயக்கம் நடந்ததோ அந்தப் பதவி, இங்குள்ளோர் போற்றிய தலைவராலேயே இல்லாமற் போயிற்று. கிலாபத் இயக்கம் தளர்ந்தது. ஆனால் தொட்டிலில் இட்ட பெயரை யார் திரும்பப் பெற முடியும்? வைத்த பெயர் நின்றது. பத்தாண்டு கழித்து இன்னொன்றும் நடந்தது. 1934இல் துருக்கி அரசு ஒரு சட்டம் இயற்றிக் குடிமக்கள் யாவரும் குடும்பப் பெயர் சூடவேண்டும் என்றது. கெமாலுக்கு அத்தாத்துர்க்கு என்னும் குடும்பப் பெயரை நாடாளுமன்றம் வழங்கியது. துருக்கியர் தந்தை என்று அதனைக் கொள்ளலாம். அவ்வாண்டின் இறுதியிலேயே பாஷா, பே, எஃபெந்தி முதலிய பட்டங்களைத் துறக்குமாறும் மற்றொரு சட்டம் வந்தது. கெமாலே தம் பாஷாப் பட்டத்தைக் களைந்துவிட்டார். அங்கே சட்டத்தால் களையப்பட்ட பட்டம் இங்கே தாமிரபரணிக் கரையிலும் சிற்றாற்றங்கரையிலும் பிள்ளைகளின் பெயராய் வாழ்கிறது.

பட்டம் பெயராவது நமக்குப் புதிதன்று. எட்டயபுரத்தில் சுப்பிரமணியன் என்னும் சிறுவனுக்குக் கவித்திறம் கண்டு அளித்த பட்டம் பாரதி. இன்று ஆணுக்கும் பாரதி என்று பெயர். பெண்ணுக்கும் பாரதி என்று பெயர். ஆயிஷா பேகம் என்னும் பெயரிலுள்ள பேகம் என்பதும், தலைவனைக் குறிக்கும் 'பெக்' என்ற துருக்கியச் சொல்லின் பெண்பாலாகப் பிறந்து, அரசமாதர்க்கு உரிய பட்டமாக இந்தியாவுக்கு வந்ததே. கான் என்பதும் துருக்கிய, மங்கோலிய அரசர் பட்டம். நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு பொருது வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்த யூசுப்கானை மக்கள் கான்சாகிபு என்றே அழைத்தனர். 1764இல் அவர் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய பட்டம் மட்டும் மதுரைக் கான்சாமேட்டுத் தெருவில் இன்றும் நிற்கிறது.

இப்போது குணத்திற்கு வருவோம். கெமால் என்னும் பெயருடையவர் உறுதி மிக்கவர், கட்டளையிடுபவர், பழைமையை உடைப்பவர் என்று பெயர்ப் புத்தகம் கூறுமானால், அந்தக் குணங்கள் எங்கிருந்து வந்தன? சொல்லின் பொருளிலிருந்து வரவில்லை. நிறைவு என்னும் சொல்லில் கட்டளையும் இல்லை, உடைப்பும் இல்லை. புகழ் பெற்ற ஒருவரின் வாழ்க்கையை வாசித்துவிட்டு, அதனை அப்பெயருடைய எல்லார்மீதும் சார்த்திவிட்டார்கள். அவருக்கு முன்னரே நாமிக் கெமால் என்ற துருக்கிக் கவிஞர் ஒருவர் இருந்தார். 1840இல் பிறந்து 1888இல் மறைந்தவர். தாய்நாட்டைப் பற்றி நாடகம் எழுதியதற்காக 1873இல் சைப்ரசுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர். படைத்தலைவர் அல்லர், எழுத்தாளர். பின்னர் யாஷார் கெமால் என்றொரு நாவலாசிரியர் தோன்றினார். நிலக்கிழாரை எதிர்த்து மலையேறிய ஏழை இளைஞன் ஒருவனுடைய கதையை 1955இல் எழுதி உலகப் புகழ் பெற்று, 2015இல் காலமானவர். ஆட்சிக்கு எதிராக எழுதியதற்காக வழக்குகளையும் சந்தித்தவர். ஆட்சியை அமைத்த கெமால் ஒருவர், ஆட்சியால் துரத்தப்பட்ட கெமால் ஒருவர், ஆட்சியை வினவிய கெமால் ஒருவர். ஒரு பெயர்க்கு ஒரு குணம் என்னும் கொள்கை இம்மூவரில் எவரிடம் நிற்கும்?

மறுபுறமாகவும் பார்க்கலாம். கமால் என்பதற்குப் பொருள் நிறைவு என்றோமே, நம் நாட்டில் அதே பொருளுடைய பெயர்கள் இல்லையா? பூரணம் என்று எத்தனை பாட்டிமார்! பூரணலிங்கம், சம்பூரணம் என்பனவும் அப்பொருளனவே. ஆங்கிலத்தில் தமிழிலக்கிய வரலாறு எழுதிய முந்நீர்ப்பள்ளம் பூரணலிங்கம் பிள்ளை அவர்கள் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். பொருளே குணத்தைத் தருவதானால், கணக்கு ஆசிரியர் பெயரிட்ட படைத்தலைவரும், முந்நீர்ப்பள்ளத்துப் புலவரும், அடுத்த தெருவில் தோசைக்கு அரைக்கும் பூரணத்தம்மாளும் ஒரே வார்ப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னும் ஒன்று. கெமால் அத்தாத்துர்க்கு, துருக்கி மொழியில் அரபுச் சொற்களைக் குறைக்கும் முயற்சி வலுப்பெற்ற காலத்தில், தம் பெயரின் எழுத்தைச் சிறிதே மாற்றிக் 'கமால்' என்று எழுதத் தொடங்கினார். அது கோட்டை என்னும் பொருளுடைய பழந்துருக்கிச் சொல் என்று விளக்கமும் வெளிவந்தது. பெயரின் பொருள் ஒரே இரவில் நிறைவிலிருந்து கோட்டைக்கு மாறிவிட்டது. மனிதர் மாறினாரா? பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி ஆகூழை மாற்றித் தருவதாகச் சொல்லும் எண்கணிதக்காரர்கள் இதற்கு என்ன கணக்குப் போடுவார்களோ, அறியேன். அவர்கள் தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதித்தான் எண்ணுகிறார்கள். இசக்கியம்மாளின் நல்வினை தீவினைகள் ஆங்கில நெடுங்கணக்குக்குள் எப்படி அடங்கின என்பது இன்னமும் எனக்கு விளங்காத செய்தி.

அங்ஙனமாயின் பெயருக்குப் பொருளே இல்லையா எனின், உண்டு. இதனை விளக்க நம் இலக்கணத்திலேயே கருவி இருக்கிறது. நன்னூல் படித்த மாணவர்க்குக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்னும் பாகுபாடு தெரியும். பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர். மரம், மலை என்பன காரணம் புலப்படாமல் வழங்கும் இடுகுறி. ஆட்பெயர் இவற்றுள் எது? பெயரிட்ட பெற்றோர்க்கு அது காரணப்பெயர். அழைக்கும் ஊரார்க்கு அது இடுகுறி. காரணம் பிள்ளையினிடத்தில் இல்லை, பெற்றோரிடத்தில் இருக்கிறது. பெயரை ஆராய்ந்தால் பிள்ளையின் எதிர்காலம் தெரியாது. அவன் பிறந்தபோது அவ்வீட்டார் எதை நினைத்திருந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்பது தெரியும். சென்ற நூற்றாண்டில் 1953 மார்ச்சு 1ஆம் நாள் பிறந்த மு. க. ஸ்டாலினுக்கு அவர் தந்தையார் இட்ட பெயர், மார்ச்சு 5ஆம் நாள் மறைந்த சோவியத்து தலைவருடையது. அந்த ஒரு வாரச் செய்தித்தாள் அப்பெயருக்குள் இருக்கிறது.

குற்றாலத்தைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்க் காரணம் பெரும்பாலும் மலையும் கோயிலுமே. திரிகூடம் என்பது மூன்று கொடுமுடிகளையுடைய குற்றால மலை. மேலகரத்தில் வாழ்ந்து குற்றாலக் குறவஞ்சி பாடிய கவிராயர் திரிகூட ராசப்பர். மலையே அவர் பெயரின் முதற்பாதி. குற்றாலநாதரால் குற்றாலம், குற்றாலிங்கம்; அம்மையால் குழல்வாய்மொழி. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசிக் கோயிலில் உறைவோர் காசிவிசுவநாதரும் உலகம்மையும். ஆகவே காசி, விசுவநாதன், உலகநாதன், உலகம்மாள். பண்பொழி மலைக்குமரனால் திருமலைக்குமார். சங்கரன்கோவிலால் சங்கரநாராயணன், கோமதி, ஆவுடையம்மாள். காரையாற்றுச் சாத்தாவால் சொரிமுத்து. பெயரைச் சொன்னாலே எந்தக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தியிருப்பார்கள் என்று இப்பக்கத்தார் சொல்லிவிடுவர். செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். ஆனால் 1911க்குப் பின் அவரைச் சங்கரன் என்று நினைப்பவர் யார்? மணியாச்சி நிலையத்துக்கும் வாஞ்சி மணியாச்சி என்றே பெயர். பெற்றோர் இட்டதை நாடு மாற்றிவிட்டது.

ஆயினும், என் ஆசிரிய வாழ்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பெயர் இவற்றுள் ஒன்றும் அன்று. பிச்சை என்னும் பெயரே அது.

கடையத்துக்கு அருகிலே பொட்டல்புதூர் இருக்கிறது. பாரதியார் கடையத்தில் வாழ்ந்த நாளில், 1920இல், அவ்வூருக்குச் சென்று இஸ்லாமின் பெருமையைக் குறித்துச் சொற்பொழிவு ஆற்றினார். அங்கே முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் என்று புகழ்பெற்ற தர்கா உண்டு. பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் நினைவாக அமைந்தது. முகியித்தீன் என்றால் மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்று பொருள். அதுவே நம் நாவில் முகைதீனாகி, மைதீனாகியது. முஸ்லிம்களேயன்றி இந்துக்களும் அங்கே நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காமல் இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளை பிழைத்தால் ஆண்டவர் இட்ட பிச்சை என்று எண்ணி மைதீன் பிச்சை என்று பெயரிடுவர். இந்து வீடுகளிலோ பிச்சையா, பிச்சம்மாள், பிச்சைக்கண்ணு. சில வீடுகளில் தாய் முந்தானையை ஏந்தி ஏழு வீட்டில் அரிசி வாங்கி வந்து பெயரிடுவாள். குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பதும் உண்டு. எமனுடைய கண்ணுக்குப் பிள்ளை அற்பமாகத் தோன்றட்டும், அவன் கடந்து போகட்டும் என்பதே உட்கருத்து. அம்மைத் தடுப்பும் மருத்துவமனையும் எட்டாதிருந்த காலத்தில் தாய்மாருடைய கையில் இருந்த மருந்து இதுதான்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதா என்று தேடினால், மீண்டும் துருக்கி நாட்டுக்கே போய்ச் சேர்கிறோம். அந்நாட்டுச் சிற்றூர்களில் துர்சுன் என்று ஒரு பெயர். 'தங்கட்டும்' என்று பொருள். துர்முஷ் என்று ஒரு பெயர். 'தங்கிவிட்டான்' என்று பொருள். யாஷார் என்றால் 'வாழ்வான்'. பிள்ளைகள் நிலைக்காத வீடுகளில் இட்ட பெயர்கள் இவை. அனத்தோலியப் பீடபூமியிலே ஒரு தாய் 'தங்கட்டும்' என்று வேண்டிய நேரத்தில், பொதிகை அடிவாரத்திலே ஒரு தாய் முந்தானை ஏந்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார்.

இத்தகைய பெயருடைய மாணவன் வகுப்பில் எழுந்து நிற்கும்போது சிரிப்பொலி எழும். சிரிப்பவன் பெயரின் அகராதிப் பொருளைக் கேட்டுச் சிரிக்கிறான். அப்பெயர்க்கு முன்னே புதைக்கப்பட்ட பிள்ளைகளை அவன் அறியான். இவற்றைவிடக் கொடியதும் ஒன்று உண்டு. பெண் குழந்தைகள் தொடர்ந்து பிறந்தால், இனிப் போதும் என்று போதும்பொண்ணு என்று பெயரிடுதல் தென்மாவட்டங்களில் வழங்கிவந்தது. திருவள்ளூர் மாவட்டத்துச் சில ஊர்களில் வேண்டாம் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். துருக்கியிலும் யெத்தெர் என்று பெண்ணுக்குப் பெயருண்டு. 'போதும்' என்பதே அதற்கும் பொருள். மராட்டிய நாட்டில் நகுசா என்பர். வேண்டாதவள் என்று அருத்தம். அங்கே சத்தாரா மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் இப்பெயர் தாங்கிய 280க்கும் மேற்பட்ட சிறுமியர்க்கு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள்.

பிச்சை என்னும் பெயரையும் போதும்பொண்ணு என்னும் பெயரையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. முன்னது பிள்ளை வேண்டும் என்னும் கதறல். பின்னது பிள்ளை வேண்டாம் என்னும் அறிவிப்பு. அந்த அறிவிப்பை ஒரு பெண் நாள்தோறும் வருகை சொல்லும்போது தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. பெயர் குணத்தை ஆக்குவதில்லை என்று இதுகாறும் சொன்னேன். காயப்படுத்தாது என்று சொல்லவில்லை.

பெயரைக் கேட்பவர் மனத்திலும் ஒரு வேலை நடக்கிறது. அமெரிக்க நாட்டு உளவியலார் இருவர், ஹராரி, மக்டேவிட் என்போர், 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய சிறு கட்டுரைகளை ஆசிரியர்களிடம் மதிப்பிடக் கொடுத்தனர். கட்டுரைகளின் மேல், மக்கள் விரும்பும் பெயர்களையும் விரும்பாத பெயர்களையும் மாற்றி மாற்றி எழுதிவைத்தனர். விரும்பத்தக்க பெயர் இருந்த கட்டுரைக்கே மிகுந்த மதிப்பெண் கிடைத்தது. அதிலும், புதியவரைவிடப் பழுத்த அனுபவமுடைய ஆசிரியரிடத்தே இந்தச் சார்பு மிகுந்திருந்ததாம். ஆசிரியப் பயிற்சி நிலையங்களில் கரும்பலகையில் எழுதுவது எப்படி என்று கற்பிக்கும் அளவுக்கு இதனைக் கற்பிக்கிறார்களா என்பது ஐயமே. நம் பொதுத்தேர்வில் விடைத்தாளைத் திருத்துவோர் கண்ணில் மாணவர் பெயர் படாதபடி மறைத்து அனுப்புவதற்கு இதனினும் நல்ல நியாயம் வேண்டியதில்லை.

நம் நாட்டில் பெயர் சாதியையும் சமயத்தையும் காட்டிக்கொடுக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே சாதிப் பட்டம் வேண்டா என்று தீர்மானம் செய்தது. துருக்கி நாடு 1934இல் சட்டத்தால் செய்ததைத் தமிழ்நாட்டார் பெரும்பாலும் தம் விருப்பத்தால் செய்தனர். பள்ளிப் பதிவேடுகளில் பட்டங்கள் மெல்ல மெல்ல மறைந்ததை நானே கண்டிருக்கிறேன். ஆயினும் வேலை முற்றுப்பெறவில்லை. சுகதேவ் தோரட், பால் அத்தவெல் என்னும் அறிஞர்கள், ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தலித்துப் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. கமால் என்னும் பெயருக்கு நிறைவு என்று பொருள் கண்டு நாம் மகிழலாம். விண்ணப்பத்தைப் பிரிக்கும் கைக்கு அந்தப் பொருள் தெரிந்திருப்பதில்லை.

பெயரை மாற்றிக்கொள்ள விரும்பும் மாணவர்க்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பப்படுவதற்கு முன்னரே பெற்றோர் வழியாகத் தலைமையாசிரியரை அணுகுவது நலம். சான்றிதழ் வந்த பின்னர் என்றால், அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அதனைக் காட்டி ஒவ்வோர் ஆவணமாகத் திருத்திக்கொண்டு அலைய நேரும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், போதும்பொண்ணு என்ற பெயருடன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த சிறுமி ஒருத்தி, தந்தையாரைக் கையோடு அழைத்துவந்தாள். புதுப்பெயரை அவளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. காட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டில், பிச்சை என்னும் பெயருடைய மாணவன் ஒருவனிடமும் பட்டியல் போகுமுன் கேட்டேன். உயர்கல்விக்கு வெளியூர் போகிறவனுக்கு அப்பெயர் இடைஞ்சலாகுமோ என்று எண்ணியே கேட்டேன். அவன் வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனான். மறுநாள் வந்து, தனக்கு முன்னே மூவர் பிறந்ததாகவும், பெயர் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னான். சான்றிதழிலும் அப்படியே அச்சாயிற்று.